அலர்ட்டா, வார்னிங்கா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மழைக்காலம் வந்தால் டிவியில் 'ஆரஞ்சு அலர்ட்', 'ரெட் அலர்ட்' என்று ஓயாமல் சொல்கிறார்கள். வானிலைத் துறையின் இணையதளத்தில் சிவப்பு நிறத்துக்கு நேராக 'வார்னிங்' என்று போட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா?
(வாசகர், வேளச்சேரி)

பதில்: ஒன்றல்ல. இணையதளத்தில் நீங்கள் பார்த்ததுதான் துறையின் சொல். இந்திய வானிலை ஆய்வுத் துறை நான்கு நிறங்களுக்கு நான்கு சொற்களை ஒதுக்கியிருக்கிறது. பச்சைக்கு 'நோ வார்னிங்', மஞ்சளுக்கு 'வாட்ச்', ஆரஞ்சுக்கு 'அலர்ட்', சிவப்புக்கு 'வார்னிங்'. நாம் என்ன செய்ய வேண்டும் என்பதும் கூடவே இருக்கும். மஞ்சள் என்றால் அடுத்தடுத்த அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள். 'ரெட் அலர்ட்' என்பது ஆங்கிலத்தில் வெகுகாலமாகப் புழங்கும் பொதுவான தொடர். செய்தியாளர்களுக்கு அது வாயில் வந்துவிட்டது. தப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் துறையின் படிக்கட்டில் அலர்ட் ஒரு படி கீழே நிற்கிறது என்பது அதில் மறைந்துபோகிறது.

சொற்களின் அடிப்படை வேறுபாடு இதுதான். அலர்ட் ஒருவரின் கவனத்தைத் தட்டி எழுப்புகிறது. வார்னிங், வரப்போகும் கெடுதலைச் சொல்கிறது. உங்கள் கணக்கில் சம்பளம் ஏறியதும் வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியும் அலர்ட்தான். வேலைவாய்ப்புத் தளம் அனுப்புவது 'ஜாப் அலர்ட்'. இவற்றில் ஆபத்து எதுவும் இல்லை. சம்பளம் ஏறியதற்கு 'வார்னிங்' அனுப்பினார்கள் என்று யாராவது எழுதினால் படிப்பவர் பதறிவிடுவார். எந்தச் சொல் பொருந்தும் என்று சந்தேகம் வந்தால், நல்ல செய்தி ஒன்றை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். அலர்ட் தாங்கும், வார்னிங் தாங்காது.

வேளச்சேரியில் தரைத்தளத்தில் குடியிருந்தால் இந்த வேறுபாடு வீட்டுக்குள்ளேயே வேலை செய்யும். வண்டியை மேடான தெருவில் விடுவது, பத்திரங்களையும் ரேஷன் கார்டையும் பாலித்தீன் உறையில் போட்டுப் பரணில் ஏற்றுவது, மேல்தொட்டியை நிரப்புவது, போனுக்கு முழு சார்ஜ் போடுவது எல்லாம் ஆரஞ்சு நாளின் வேலைகள். சிவப்பு வந்த பிறகு இவற்றைத் தொடங்கினால் தாமதம். அன்றைக்கு மிச்சமிருக்க வேண்டியவை வெளியே போகாமலிருப்பது, மீட்டர் பெட்டியைத் தண்ணீர் எட்டும் முன்பே மெயின் சுவிட்சை அணைப்பது, வெளியேறச் சொன்னால் உடனே கிளம்புவது ஆகியவைதான்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. இந்த மூன்றும் மூன்று நிறங்களுக்கு நேருக்கு நேர் சமம் என்று பலர் நினைக்கிறார்கள். நிறம் மழை அளவை மட்டும் வைத்து முடிவாவதில்லை. மழை பெய்வதற்கான வாய்ப்பு எவ்வளவு, பெய்தால் அந்த மாவட்டத்தில் என்ன பாதிப்பு என்பதையும் சேர்த்தே நிறம் குறிக்கிறார்கள். ஆகவே ஒரே அளவு மழைக்கு இரண்டு மாவட்டங்களில் இரண்டு நிறம் வரலாம்.

கேள்வி: புயல் அறிக்கைகளில் 'சைக்ளோன் அலர்ட்', 'சைக்ளோன் வார்னிங்' என்று இரண்டு வருகின்றன. துறைமுகத்தில் வேறு 1, 2, 3 என்று கூண்டு ஏற்றுகிறார்கள். எதை எதோடு பொருத்துவது?
(வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: பொருத்தவே கூடாது. இரண்டும் தனித்தனி ஏற்பாடுகள்.

முதலில் அறிக்கை. புயலுக்கு நான்கு கட்டங்கள் உண்டு. முதலாவது 'ப்ரீ சைக்ளோன் வாட்ச்'. 72 மணி நேரத்துக்கு முன்பே, வானிலைத் துறையின் தலைமை இயக்குநர் பெயரில் வெளிவரும். அடுத்தது 'சைக்ளோன் அலர்ட்'. கரையில் வானிலை மோசமாவதற்குக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பு வரும். புயல் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் நகரக்கூடும், எந்தெந்தக் கடலோர மாவட்டங்கள் பாதிக்கப்படலாம் என்பது அதில் இருக்கும். மூன்றாவது 'சைக்ளோன் வார்னிங்'. குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பு தொடங்கி மூன்று மணிக்கொருதரம் வரும். கரையைக் கடக்கும் இடத்தையும் நேரத்தையும் கணித்துச் சொல்வது இந்தக் கட்டத்தில்தான். மழை, காற்று, கடல் நீர் எவ்வளவு உயரத்துக்கு உள்ளே வரும் என்பதும் சேர்ந்திருக்கும். நான்காவது 'போஸ்ட் லேண்ட்ஃபால் அவுட்லுக்'. கரையைக் கடப்பதற்குக் குறைந்தது 12 மணி நேரம் இருக்கையில், கடந்த பிறகு உள்மாவட்டங்களில் என்ன நடக்கும் என்று சொல்வது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். 2006 முதல் புயல் அறிக்கைகளுக்கும் நிறம் உண்டு. அலர்ட்டுக்கு மஞ்சள், வார்னிங்குக்கு ஆரஞ்சு, அவுட்லுக்குக்குச் சிவப்பு. மழை வரைபடத்தில் ஆரஞ்சு என்றால் அலர்ட். புயல் அறிக்கையில் ஆரஞ்சு என்றால் வார்னிங். நிறத்தை மட்டும் பார்த்து, இன்னும் ஒரு படி இருக்கிறதே என்று படகைக் கட்டாமல் விட்டால் ஏமாந்துபோவோம். புயல் நேரத்தில் நிறத்தை விட்டுவிட்டுச் சொல்லைப் படியுங்கள்.

இனி கூண்டு. பகலில் கூண்டு வடிவ அடையாளங்களும் இரவில் விளக்குகளுமாக ஏற்றப்படும் இந்த ஏற்பாட்டில் 1 முதல் 11 வரை எண்கள். இதில் அலர்ட் என்ற சொல்லே கிடையாது. இருப்பவை 'காஷனரி', 'வார்னிங்', 'டேஞ்சர்', 'கிரேட் டேஞ்சர்'. 1 என்றால் தொலைவில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். துறைமுகத்துக்கு உடனடிப் பாதிப்பு இல்லை. 2 என்றால் தொலைவில் புயலே உருவாகிவிட்டது. துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் கப்பல் வழியில் அதில் சிக்கக்கூடும். 3 என்றால் துறைமுகத்தைப் பலத்த காற்று தாக்கலாம். 4 என்றால் துறைமுகத்துக்குப் புயல் அச்சுறுத்தல் உண்டு, ஆனால் உச்சகட்ட நடவடிக்கை எடுக்கும் அளவுக்கு இன்னும் முற்றவில்லை. எண் கூடக் கூட ஆபத்து கூடுகிறது என்று நினைப்பது முழுக்கச் சரியல்ல என்பது இதிலேயே தெரியும். 2 சொல்வது தூரத்துப் புயல், 3 சொல்வது பக்கத்துக் காற்று.

5, 6, 7 ஆகிய மூன்றும் ஒரே கடுமையுள்ளவை. 7 வந்துவிட்டது, 5-ஐ விட மோசம் என்று பேசிக்கொள்கிறார்கள், அப்படியில்லை. புயல் துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுக் கடந்தால் 5, வலப்பக்கம் விட்டுக் கடந்தால் 6, துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடந்தால் 7. இதே மூன்று திசைகளைத் தீவிரப் புயலுக்குச் சொல்வது 8, 9, 10. கடைசி எண்ணான 11, வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரும் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதற்கு.

கேள்வி: மகன் டெக்சஸில் இருக்கிறான். 'டோர்னேடோ வாட்ச்' என்று செய்தியில் பார்த்துப் பதறிப் போன் செய்தால், அது வெறும் வாட்ச்தான் என்கிறான். மறுநாள் 'வார்னிங்' என்றதும் போனை வைத்துவிட்டு ஓடினான். அவ்வளவு வித்தியாசமா?
(வாசகி, திருச்சி)

பதில்: அவ்வளவு வித்தியாசம்தான், உங்கள் மகன் செய்தது சரி. அமெரிக்காவில் வாட்ச் என்றால் சூழ்நிலை கூடிவந்திருக்கிறது, சுழற்காற்று உருவாகலாம் என்று பொருள். ஓக்லஹோமா மாநிலத்தின் நார்மன் நகரிலுள்ள புயல் கணிப்பு மையம், பல கவுண்டிகளை (நம் மாவட்டம் போன்ற பிரிவுகளை) சேர்த்துச் சில மணி நேரத்துக்கு அதை அறிவிக்கும். வார்னிங் என்றால் சுழற்காற்றை யாரோ கண்ணால் பார்த்திருக்கிறார்கள், அல்லது ரேடாரில் அடையாளம் தெரிகிறது. அதை உள்ளூர் வானிலை அலுவலகம் சிறு பகுதிக்கு மட்டும், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும்படி வெளியிடும். அந்த நேரத்தில் வீட்டின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத உள்ளறைக்குப் போய்விட வேண்டும். கைப்பேசியை அலற வைக்கும் அவசரச் செய்தி வார்னிங்குக்கு வரும், வாட்ச்சுக்கு வராது. இனிமேல் செய்தியில் வார்னிங் என்று பார்த்தால், முதல் ஒரு மணி நேரம் அவனைக் கூப்பிடாமல் இருப்பதே அவனுக்கு உதவி.

ஹரிக்கேனுக்கு, அதாவது அங்கே கடலிலிருந்து வரும் புயலுக்கு, இதே இரண்டு சொற்கள், நேரம் மட்டும் நீளம். பலத்த காற்று தொடங்க 48 மணி நேரம் இருக்கையில் வாட்ச், 36 மணி நேரம் இருக்கையில் வார்னிங்.

பிரிட்டனுக்குப் போனால் கணக்கு மாறும். அங்கே வானிலைத் துறையின் மஞ்சள், ஆம்பர் (ஆரஞ்சை ஒத்த நிறம்), சிவப்பு மூன்றுமே வார்னிங்தான். ஆனால் இங்கிலாந்தில் வெள்ளத்துக்கு 'ஃப்ளட் அலர்ட்' என்றால் வெள்ளம் வரலாம், தயாராகுங்கள். 'ஃப்ளட் வார்னிங்' என்றால் வெள்ளம் வருகிறது, செயல்படுங்கள். 'சிவியர் ஃப்ளட் வார்னிங்' என்றால் உயிருக்கு ஆபத்து. நமது ஆரஞ்சு, சிவப்புப் பிரிவினையோடு ஒத்துப்போவது இதுதான்.

கேள்வி: அலுவலகத்தில் மேலாளருக்கு 'ஐ வார்ன் யூ தட் தி சர்வர் வில் பி டவுன் டுமாரோ' என்று மெயில் அனுப்பினேன். அவருக்குக் கோபம். இலக்கணம் சரிதானே?
(வாசகர், கோவை)

பதில்: இலக்கணம் சரி, தொனி தவறு. 'ஐ வார்ன் யூ' என்று தன்மையில் தொடங்கினால் அது மிரட்டலாகக் காதில் விழும். அலுவலகத்தில் வார்னிங் என்பது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய சொல்லும்கூட. மெமோ, முதல் வார்னிங், இறுதி வார்னிங் என்பது மேலிருந்து கீழே வரும் வரிசை. அதைக் கீழிருந்து மேலே அனுப்பினால் யாருக்கும் உறைக்கும்.

உங்கள் செய்தி ஏற்கெனவே திட்டமிட்ட பராமரிப்பைப் பற்றியது என்றால் அது வெறும் தகவல். 'திஸ் இஸ் டு இன்ஃபார்ம் யூ தட்' போதும். திட்டமிடாத சிக்கல், மேலாளர் இப்போதே கவனிக்க வேண்டும் என்றால் 'ஐ வுட் லைக் டு அலர்ட் யூ டு எ பிராப்ளம் வித் தி சர்வர்' என்று எழுதுங்கள். அலர்ட்டுக்குப் பிறகு ஆள், ஆளுக்குப் பிறகு 'டு', அதற்குப் பிறகு பெயர்ச்சொல். இந்த 'டு'வை வினைச்சொல்லோடு ஒட்டும் 'டு' என்று எண்ணி 'அலர்ட் யூ டு செக்' என்று எழுதுவது நம்மவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. 'டு தி டிலே', 'டு தி ரிஸ்க்' என்று பொருளைத்தான் கொண்டுவர வேண்டும்.

வார்னுக்கு வேறு ஒட்டுகள். ஆபத்தின் பெயரைச் சொன்னால் 'ஆஃப்' அல்லது 'அபௌட்'. செய்யாதே என்று தடுத்தால் 'அகெய்ன்ஸ்ட்', அல்லது 'நாட் டு'. 'தே வார்ன்ட் ஃபிஷர்மென் நாட் டு கோ டு ஸீ' என்பது வானிலை அறிக்கைகளில் தினமும் வரும் அமைப்பு. 'வித்தவுட் வார்னிங்' என்றால் திடுதிப்பென்று. அங்கே அலர்ட்டைப் போட முடியாது. அதேபோல் 'ஆன் ஹை அலர்ட்' உண்டு. 'ஆன் ஹை வார்னிங்' கிடையாது.

கேள்வி: 'ஹி இன்ஃபார்ம்ட் தட் தி மீட்டிங் வாஸ் கேன்சல்ட்' சரியா?
(வாசகி, சேலம்)

பதில்: தவறு. இன்ஃபார்முக்கு யாருக்கு என்பது கட்டாயம் வேண்டும். 'ஹி இன்ஃபார்ம்ட் அஸ் தட்' என்று எழுதுங்கள், அல்லது 'ஹி செட் தட்' என்று முடித்துவிடுங்கள். வார்ன் இந்த விஷயத்தில் தாராளமானது. 'தி ஆஃபீசர் வார்ன்ட் தட்' என்று ஆளில்லாமலே எழுதலாம். நோட்டிஃபை என்பது முறைப்படி, பெரும்பாலும் எழுத்தில், விதி கேட்பதால் தெரிவிப்பது. வீட்டுக்காரருக்குக் காலி செய்வதைச் சொல்ல நோட்டிஃபை பொருந்தும். நண்பருக்கு வரும் நேரத்தைச் சொல்ல அது மிகையான சொல்.

கேள்வி: எங்கள் தொழிற்சாலை இயந்திரங்களில் 'டேஞ்சர்', 'வார்னிங்', 'காஷன்' என்று வெவ்வேறு ஸ்டிக்கர்கள். ஊரில் அப்பா வாங்கிய பூச்சிமருந்துப் பாட்டிலிலும் 'டேஞ்சர்' இருக்கிறது. எல்லாம் ஒரே அர்த்தமா?
(வாசகர், ஓசூர்)

பதில்: இந்தக் கேள்வியை இன்னும் பலர் கேட்க வேண்டும். அமெரிக்கத் தர நிர்ணய முறைப்படி ஒட்டப்படும் இயந்திர ஸ்டிக்கர்களில் ஒவ்வொரு சொல்லுக்கும் வரையறை உண்டு. 'டேஞ்சர்' சிவப்பு: தவிர்க்காவிட்டால் மரணமோ பெருங்காயமோ நிச்சயம். 'வார்னிங்' ஆரஞ்சு: மரணமோ பெருங்காயமோ நேரலாம். 'காஷன்' மஞ்சள்: சிறு காயமோ நடுத்தரக் காயமோ ஏற்படலாம். 'நோட்டீஸ்' நீலம்: உடம்புக்கு ஆபத்தில்லை, இயந்திரமோ பொருளோ கெடலாம். வார்னிங்குக்கும் டேஞ்சருக்கும் வித்தியாசம் காயத்தின் அளவில் இல்லை, நேரும் உறுதியில்தான் இருக்கிறது. ஆரஞ்சு ஸ்டிக்கர்தானே என்று காப்புத் தகட்டைக் கழற்றிக் கை விடுபவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

பூச்சிமருந்துக்கு நம் நாட்டின் 1971-ஆம் ஆண்டு விதிகள் தனி. லேபிளில் 45 பாகை சாய்ந்த ஒரு சதுரம் இருக்கும், கீழ்ப்பாதியில் நிறம், மேல்பாதியில் சொல். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. மண்டையோட்டுப் படமும் 'பாய்சன்' என்ற சொல்லும் இருக்கும். மஞ்சள் என்றால் கடும் நஞ்சு. அதிலும் 'பாய்சன்', ஆனால் மண்டையோடு இல்லை. நீலம் என்றால் நடுத்தர நஞ்சு, சொல் 'டேஞ்சர்'. பச்சை என்றால் லேசான நஞ்சு, சொல் 'காஷன்'. இயந்திரத்தில் உச்சியில் நிற்கும் டேஞ்சர், பூச்சிமருந்தில் மூன்றாம் படியில் நிற்கிறது. இயந்திரத்தில் காயமே ஆகாது என்று சொல்லும் நீலம், இங்கே நஞ்சு. மஞ்சளைப் பார்த்துச் சாதாரண மருந்து என்று அப்பா நினைத்திருந்தால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். எந்த நிறமானாலும் கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை வேண்டும். காற்று வீசும் திசைக்கு எதிராக நின்று தெளிக்கக் கூடாது. மருந்தைக் குளிர்பானப் பாட்டிலுக்கு மாற்றவே கூடாது, மாற்றிய மறுநிமிடம் அந்தச் சொல்லும் நிறமும் போய்விடும்.

கேள்வி: அலர்ட், அலாரம் இரண்டும் ஒரே வேரா?
(மாணவி, தஞ்சாவூர்)

பதில்: இல்லை. இரண்டும் இத்தாலியிலிருந்து புறப்பட்டவை. காவல் மேட்டில் விழித்து நில் என்ற கூப்பாட்டிலிருந்து அலர்ட், ஆயுதம் எடு என்ற கூப்பாட்டிலிருந்து அலாரம்.

கேள்வி: செய்தி எழுதும்போது வாட்ச், அலர்ட், வார்னிங் மூன்றுக்கும் 'எச்சரிக்கை' என்றே போட்டுவிடுகிறோம். வேறு வழி உண்டா?
(பகுதிநேரச் செய்தியாளர், தேனி)

பதில்: வாட்ச்சுக்குக் 'கண்காணிப்பு', அலர்ட்டுக்குத் 'தயார்நிலை' அல்லது பேச்சு வழக்கில் 'உஷார்', வார்னிங்குக்கு மட்டும் 'எச்சரிக்கை' என்று வைத்துக்கொள்வது எங்கள் பரிந்துரை. இல்லையென்றால் உங்கள் மாவட்டத்து வைகை அணை வழியைப் பின்பற்றலாம். 71 அடி அணையில் நீர்மட்டம் 66 அடி வந்தால் முதற்கட்ட எச்சரிக்கை, 68.5 அடிக்கு இரண்டாம் கட்டம், 69 அடிக்கு மூன்றாம் கட்டம். சொல் ஒன்றுதான், எண் படியைச் சொல்லிவிடுகிறது; கரையோர மக்களுக்குக் குழப்பமே இல்லை. நிறத்தைச் சொல்லும்போதும் 'ஆரஞ்சு, அதாவது தயாராகும் நிலை' என்று செய்ய வேண்டியதையும் ஒரு சொல்லில் சேர்த்துவிடுங்கள். தலைப்பில் இடம் இல்லாவிட்டாலும் முதல் வரியில் இருக்கட்டும்.

கேள்வி: புயல் அறிக்கையில் 'டீவார்னிங்' என்று ஒன்று வருகிறதே?
(வாசகர், கடலூர்)

பதில்: புயல் வலுவிழந்ததும், முன்பு கொடுத்த வார்னிங் இனி இல்லை என்று வானிலைத் துறை அனுப்பும் செய்தி அது. துறைக்குள் புழங்கும் சொல். பொது ஆங்கிலத்தில் 'தி வார்னிங் வாஸ் லிஃப்டெட்' என்பார்கள். நடப்பில் இருந்தால் 'இன் ஃபோர்ஸ்' அல்லது 'இன் எஃபெக்ட்'. கடுமை குறைந்து கீழ்ப்படிக்கு இறக்கினால் 'டவுன்கிரேடட்'. அப்போது வார்னிங் போய்விடவில்லை, படிதான் மாறியிருக்கிறது.

கடலோரத்தில் இருப்பவர்கள் காற்று நின்றதை டீவார்னிங்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. புயலின் கண் தலைக்கு மேல் வரும்போது காற்று சட்டென்று அடங்கும், சில சமயம் வெயில்கூட எட்டிப் பார்க்கும். கண் கடந்ததும் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் மறுபடி அடிக்கும். முதல் காற்றில் ஆட்டம் கண்ட கூரை ஓடும் மரமும் விழுவது பெரும்பாலும் அப்போதுதான். வார்னிங் விலக்கப்பட்டது என்ற சொல் காதில் விழும் வரை படகைப் பார்க்கவோ கூரையைச் சரிசெய்யவோ வெளியே போகாதீர்கள்.